மெஷின் வாங்கின மாப்ளைக்கு

இன்னா மாப்ளே, மரம் அறுக்குற மெஷின் வாங்கிட்டியாமே? காசிமேடு பூரா அதான் பேச்சு. நல்லது. 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் அடிச்சப்போ மெட்ராஸ்ல ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சுது. ரோட்டைத் தொறக்க இந்த மெஷினுதான் நாள் பூரா கத்திச்சு. அடுத்த புயலுக்கு நீ ரெடி, புயல்தான் இன்னும் ரெடியாவல.

ஹெல்மெட்டு, கண்ணாடி, காதடைப்பான், கால்ல கனமான பேன்ட்டு ஒண்ணும் வேணான்னுட்டியாம். கரீட்டு. லுங்கி இருக்குதே! சுத்துற செயினுக்கு லுங்கின்னா கொள்ளை ஆசை. ஒத்தைக் கையில தூக்கிப் போட்டோ வேற எடுத்துக்கினியாம். ரெண்டு கையாலயும் புடி, முன்பிடியில கட்டை விரலைச் சுத்திப் புடின்னா, கெழவன் உளர்றான்னுவ. செயின் சுத்துற பாரோட நுனியில மேல்பக்கம் எதுலயாவது இடிச்சா, நீ கண்ணு சிமிட்டுறதுக்குள்ள மெஷின் உன் மூஞ்சிக்கே திரும்பும். பயப்படாத, ஸ்டான்லி ஆஸ்பத்திரி கிட்டத்துலதான். கைக்குன்னே தனிப் பிரிவு வெச்சிருக்காங்க. மூஞ்சிக்கு இன்னா வழின்னு நீயே போய்க் கேட்டுக்கோ.

சாஞ்ச மரம் செத்துப்போச்சுன்னு நெனச்சியா? வட்டிக்காரன் வந்தா போர்வைக்குள்ள தூங்குறாப்புல நடிப்பியே, அதே நடிப்புதான் அதுக்கும். வளைஞ்சி கெடக்குற கிளையில ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் இழுபட்டு விறைச்சிருக்கும். விறைச்ச பக்கத்துல மொதல்ல கைவெச்சே, பொளேர்னு அறையும். நசுங்கின பக்கம் கொஞ்சம் அறு. ஆழமாப் போனா பாரைக் கவ்விக்கும். அப்புறம் எதிர்ப்பக்கம் வா, துள்ளுற வழியில நிக்காத. வேரோட பேந்த மரம் இன்னும் கேடி. தண்டை அறுத்ததும் பாரம் போயிடும். வேர்க்கட்டை மண்ணோட நிமிர்ந்து பள்ளத்துல உக்காந்துக்கும். அந்தப் பள்ளத்தைச் சுத்தித்தான் பசங்க வேடிக்கை பாத்துனு நிக்கும். மொதல்ல அதுங்கள வெரட்டு.

கிளையில கரண்ட் கம்பி சிக்கியிருந்தா, ஈ.பி.காரன் லைனை நிறுத்திட்டேன்னு சொல்ற வரைக்கும் டீக்கடையில குந்து. உனக்குக் கைவந்த வேலையாச்சே. பீடியைக் கடிச்சிக்கினு கொதிக்குற மெஷினுல பெட்ரோலு ஊத்தாத, அவ்ளோதான்.

நேத்து அறுத்தப்போ மாவா கொட்டுச்சாமே? செயின் மொண்ணை, மாப்ளே. கூரா இருந்தா செதில் செதிலா வரும். மொண்ணைன்னா நீ அமுக்குவே, அமுக்கினா சறுக்கும். அரம் எங்கிட்ட கீது, தீட்டித் தர்றேன். சும்மாவா? ஒரு கிலோ வஞ்சிரம். தலை, வாலு தள்ளிவுடாத, நடுத்துண்டா எடுத்தா.