ரிங் கட் இலக்கணமும் இடப்பக்கச் சைபரும்: தோட்டத்து அழைப்புப் பதிவுகளின் ஏற்றுமதி பற்றிய முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசுக்குக் கொழும்பிலிருந்து ஒரு வரிக் கட்டளை வந்தது: "மூன்று மாத அழைப்புப் பதிவுகளை எக்செலில் ஏற்றுமதி செய்து அனுப்பவும்." பெரிய கிளாக்கர் ஐயா அதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏத்துமதின்னா, எத்தனை பொட்டி தம்பி?" என்றார். அந்தக் கேள்வியில் பிறந்தது இந்த ஆய்வு. இத்துறையில் எனக்கு முன்னோடிகள் எவருமில்லை. ஆகவே அவர்களை மறுக்கும் இன்பம் எனக்கு வாய்க்கவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

2. சொல்லாராய்ச்சி

மலைநாட்டில் ஏற்றுமதி என்றால் தேயிலை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்தது. அன்றுதொட்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும் பொருளுக்கு நாம் ஏற்றுமதி என்று பெயர் வைத்திருக்கிறோம். இம்முரணைச் சொல்லாராய்ச்சியாளர் எவரும் கண்டுகொள்ளவில்லை (காண்க: லொறி டிரைவர், பிரேக் பற்றிய புலம்பல், கினிகத்தேனை வளைவு).

3. மூலாதாரம்

ஆபீஸ் அலுமாரிக்குப் பின்னால், சிலந்தி வலையின் பாதுகாப்பில், தோட்டத்துத் தொலைபேசிகளை இணைக்கும் ஒரு பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு கோல் முடிந்ததும் அது ஒரு வரி துப்பும்: திகதி, நேரம், எக்ஸ்டென்ஷன், லைன், அழைத்த இலக்கம், பேசிய நேரம். முன்பு அந்த வரி கேபிள் வழியாகப் பிரிண்டருக்குப் போய்க் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே கேபிளைக் கொம்பியூட்டரில் குத்தினால், காற்புள்ளி பிரித்த கோப்பாகக் குவிகிறது.

ஆள் நடுவில் இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891இல் காப்புரிமை பெற்றவர் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர். தொழில், பிணம் அடக்கும் கடை. தன் வாடிக்கையாளர்களை ஒப்பரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். ஆக, பிணம் சேரவேண்டிய இடம் சேரவில்லை என்ற கோபத்தில் பிறந்த கருவியிலிருந்து உண்மையை எதிர்பார்ப்பது எவ்வளவு தூரம் தகும் என்பது தனி ஆய்வுக்குரியது.

4. தரம் பிரித்தல்

கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரிப்பதுபோல் பதிவுகளையும் சலித்தேன்.

ஓ.பி.: முழு இலை. இருபது நிமிடத்துக்கு மேல். பெரும்பாலும் பங்களா எக்ஸ்டென்ஷன்.

பி.ஓ.பி.: உடைந்தவை. மழைக்காலத்தில் அமோக விளைச்சல்.

பி.ஓ.பி.எப்.: "ஹலோ, ஹலோ, கேக்குதா?" மட்டும்.

டஸ்ட்: ரோங் நம்பர்.

ரிபியூஸ்: தலைமை அலுவலகத்திலிருந்து வருபவை.

5. ரிங் கட்: வடிவும் வகையும்

எந்தச் சல்லடையிலும் நிற்காத ஒன்று மிஞ்சியது. தமிழ்நாட்டார் அதை மிஸ்டு கால் என்பர். பிழை. மிஸ்டு கால் தவறிப்போவது. ரிங் கட் வேண்டுமென்றே வெட்டப்படுவது. முன்னது விபத்து, பின்னது கலை. பதிவேட்டில் அதன் நீளம் 00:00:00. காசு போகவில்லை, செய்தி போய்விட்டது. இதைப் பொருளியல் விளக்காது; இலக்கணம் விளக்கும்.

கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். ஒரு மணியோசையை ஒரு மாத்திரையாகக் கொள்வோம்.

குறில் ரிங், ஒரு மாத்திரை. "வந்து சேந்துட்டேன்." கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன மகன் தாய்க்கு அனுப்புவது.

நெடில் ரிங், இரண்டு மாத்திரை. "எங்கிட்ட காசில்ல, நீங்க எடுங்க."

அளபெடை ரிங், மூன்று மாத்திரை. "உங்ககிட்டயும் காசில்லன்னு தெரியும், இருந்தாலும் எடுங்க."

குற்றியலுகர ரிங், அரை மாத்திரை. மணி முழுதாக விரியாமல் 'க்' என்று குறுகி நிற்கும். அனுப்பியவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் சொல்லமாட்டார்.

மகரக்குறுக்க ரிங், கால் மாத்திரை. எங்கும் அடிக்காமல், எதிர்பார்த்திருப்பவர் காதில் மட்டும் அடிப்பது. இதற்குப் பதிவேட்டில் சான்றில்லை. ஆனால் பாகுபாட்டில் இடம் காலியாக இருப்பதால் அது இருந்தே ஆகவேண்டும். இந்த முறையியலைப் பெரியவர்களிடமிருந்து கற்றேன்.

புணர்ச்சி விதி: இருவர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் ரிங் கட் கொடுத்தால் இரண்டும் கெட்டு எங்கேஜ் டோன் தோன்றும். கெடுதலும் தோன்றலும் ஒரே இடத்தில் நிகழும் விகாரம் இது.

இங்கே ஒரு பெரும் பிணக்கு உண்டு. அழைப்பவர் காதில் கேட்பது எக்ஸ்சேஞ்ச் தரும் ஓசை. அது மறுமுனையில் அடிக்கும் மணியோடு ஒத்துப்போகவேண்டிய கட்டாயமில்லை. மகன் அனுப்பிய குறில் தாயிடம் நெடிலாகப் போய்ச் சேரலாம். அவன் வந்து சேர்ந்தான் என்கிறான். அவள் காசில்லை என்று கேட்டு, அடுத்த லயத்தில் கடன் வாங்கப் போகிறாள். மாத்திரையை அழைப்போர் காதால் அளப்பதா, எடுப்போர் காதால் அளப்பதா என்பதில் இரு நெறிகள் உள்ளன (அழைப்போர் நெறிக்கு: கென்டீன் பெஞ்ச், மூன்றாம் விவாதம், வடை தீருமுன்; எடுப்போர் நெறிக்கு: அதே பெஞ்ச், வடை தீர்ந்தபின்; இரண்டையும் மறுத்து: கென்டீன்காரர், கடன் கொப்பி, பக்கம் முழுவதும், குறிப்பாக என் பெயருக்கு எதிரே உள்ள வரி).

தொல்காப்பியர் ரிங் கட்டை அறிந்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கென்றே மாநாடுகள் இருக்கின்றன.

6. காலம்

1996இல் மின்வெட்டை முன்னிட்டு நாட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மிச்ச அரை மணியையும் இழுத்துப் பழைய இடத்தில் விட்டார்கள். நம் பெட்டியின் கடிகாரம் எதற்கும் அசையவில்லை. பத்து ஆண்டு பிழையாக இருந்து, ஒரு நள்ளிரவில் ஒன்றும் செய்யாமலே சரியாகிவிட்டது (ஆபீஸ் காவல்காரர், வாய்மொழி, போர்வைக்குள்ளிருந்து). பழைய முடிவுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கு இதில் ஆறுதல் உண்டு.

7. எழுத்து

எக்ஸ்டென்ஷன் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தோம். கோப்பைத் திறந்ததும் 'ஸ்டோர்' ஆங்கிலக் கூளமாக நின்றது. கல்வெட்டு என்று கருதி இரண்டு நாள் படியெடுத்தேன்.

8. சைபர் உதிர்தல்

எக்செலில் திறந்த கணத்தில் ஹட்டனின் 051 வெறும் 51 ஆனது. நுவரெலியாவின் 052, 52. காரணம் எளிது. இலக்கத்தை அது எண் என்று நினைக்கிறது. எண்ணுக்கு இடப்பக்கச் சைபர் மதிப்பற்றது.

இந்திய அழைப்புகள் இன்னும் மோசம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை அக்கரைக்கு எழுதிவைத்தது. அப்படிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன சொந்தங்களுக்கு 0091 போட்டுப் பேசுகிறார்கள். இரண்டு சைபரும் உதிர்ந்தன. மிஞ்சிய பன்னிரண்டு இலக்கங்கள் 9.19E+11 என்று சுருங்கின. ஸ்டோர்க்காரர் ஒருவரின் அத்தை அறிவியல் குறியீடாகிவிட்டாள்.

முன்னால் நிற்பதை மதிப்பில்லை என்று நீக்கும் இம்முறையை எக்செல் கண்டுபிடித்ததாகச் சிலர் கருதக்கூடும். எக்செல் வெளிவந்தது 1985இல். இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 1948இலேயே தோட்ட மக்கள்மீது இதைக் கொம்பியூட்டர் இல்லாமல் செய்து காட்டியது. முன்னுரிமை யாருக்கு என்பதில் ஐயமில்லை (கிழவி ஒருத்தி, பிள்ளைக் காம்பரா வாசல், வெற்றிலை துப்பிய திசை, தொகுதி ஒன்று, ஆய்வாளர் குறிப்பெடுத்தார், கிழவி எழுந்து போனார்).

9. முடிவுகள்

லயத்துக்கு வந்து பிளேன்டீ குடித்து நூறு கேள்வி கேட்ட ஆய்வாளர்களின் இலக்கங்களும் பதிவில் உண்டு. எல்லாம் உள்வரும் அழைப்புகள்; ஒரு திகதிக்குப் பிறகு ஒன்றுமில்லை. அது பட்டமளிப்புத் திகதியாக இருக்கலாம் என்பது என் கருதுகோள்.

கொழும்புக்கு அனுப்பிய கோப்புக்கு இதுவரை பதில் இல்லை.

இனி இவ்வேலைக்கு வருவோருக்கு ஒரே குறிப்பு. ஏற்றுமதி ஒழுங்காக நடக்கவேண்டுமானால் இறக்குமதி தெரிந்திருக்கவேண்டும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செலுக்குள் போய் இறக்குமதி வழியாக எடுத்து, இலக்கம் உள்ள நிரலை 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். சைபர் நிற்கும். அதற்கு மதிப்பில்லைதான், ஆனால் அது இல்லாமல் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு லைன் கிடைக்காது.