புதையல் வாத்தியார்

உத்திரமேரூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்தில் எனக்கு ஊரில் ‘புதையல் வாத்தியார்’ என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் டார்ச் லைட்டும் நோட்டுமாகக் கோயில் கோயிலாக அலைகிறவனை வேறெப்படி அழைப்பார்கள்? வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் தேய்ந்த எழுத்து தெரியும். பார்த்தவர்களோ, தோண்ட இடம் தேடுகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சுற்றுவட்டாரக் கோயில்களில் கல்வெட்டுகளைப் படியெடுப்பேன். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்ற வேண்டும். “என்னா சார் கெடச்சுது?” என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். “ஒரு விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்கு” என்றால், மறைக்கிறேன் என்று சிரிப்பார்கள்.

திருப்பணி என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு மணல் வீச்சு வந்தது. சுண்ணாம்பைச் சுரண்டினால் எழுத்து மிஞ்சும். மணல் வீச்சுக்குப் பின் பளபளப்புதான் மிஞ்சும்.

இப்போது நான் ‘வரலாற்று ஆய்வாளர் ஐயா’. கீழடி அகழாய்வுக்குப் பிறகு எல்லா ஊருக்கும் வயது தேவைப்படுகிறது. “மூவாயிரம் வருஷம்னு எழுதிக் குடுங்க சார்” என்கிறார் ஒருவர். “எங்க ஆளுங்க பேரு கல்வெட்டுல இருக்குதா?” என்கிறார் இன்னொருவர். அன்று, என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். இன்று, என்ன கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

குடவோலைத் தேர்தலின் பெருமை பேச ஒரு விழாவில் சிறப்புரைக்கு அழைத்தார்கள். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வதை அப்படியே சொன்னேன். ஊருக்கு 30 குடும்பு, அதாவது வார்டு. ஓலையில் பேர் எழுத வயது 35 முதல் 70 வரை. வரி கட்டும் நிலம் கால் வேலி, சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் பேர் குடத்துக்குள் போயிருக்காது என்றேன். கைதட்டல் நின்றது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தபந்தங்களும் நிற்க முடியாது என்றதும், “நேரமாச்சுங்க ஐயா” என்று மைக்கை வாங்கிக்கொண்டு பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

மரியாதை குறையவில்லை. மறு ஆண்டு அழைப்பிதழிலும் என் பேர் இருந்தது. சிறப்புரைக்குப் பதில் வாழ்த்துரை என்று போட்டிருந்தார்கள்.