அடியைக் கிண்டி ஒரு கரண்டி

விருதுநகரில் பருப்பை முதலில் சரக்காகத்தான் பார்ப்போம். தட்டில் பார்ப்பது அப்புறம். துவரையைச் செம்மண்ணில் கட்டி, களத்தில் பரப்பிக் காயவைத்து, மில்லில் உடைத்து, சலித்து, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவார்கள். உள்நாட்டுத் துவரை என்ன விலை, பர்மா துவரை என்ன விலை என்பதெல்லாம் எங்கள் தெருப் பையன்களுக்கு வாய்ப்பாட்டோடு சேர்ந்தே மனப்பாடம். பேப்பரில் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து வெளியூர்க் கடைக்காரர்கள் விலை சொன்ன காலம் அது.

அப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதினார். நாள் முழுக்க நூறு கிலோ கணக்கில் எழுதியவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் குருணை. முழுசாக உடைந்த முதல் ரகம் மூட்டையேறிப் போய்விடும். சல்லடையில் சிக்காமல் கீழே விழுந்தது எங்களுக்கு. அதற்கும் கீழே விழும் தூசி மாட்டுக்கு. ஊரில் எங்கள் அந்தஸ்து இந்த இரண்டு சல்லடைக்கு நடுவில் இருந்தது.

ஒன்பது பேர் இருந்த வீடு. அப்பத்தா ஒரு ஆழாக்குப் பருப்பு அளந்து போடும். அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி, பொங்கி வழியாமல் இருக்க ஒரு சொட்டு விளக்கெண்ணெய். கிணற்றுத் தண்ணி உப்பு. அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை வேகவிடாது. எனவே குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணியில் பாதி பருப்புக்கே போய்விடும். பருப்பு மலர்வதற்கு முன்னால் புளியை ஊற்றினால் அதோடு கதை முடிந்தது, விறகு தீர்ந்தாலும் கல்லாகவே கிடக்கும். இந்த ரசாயனம் எல்லாம் பள்ளிக்கூடப் பக்கமே போகாத அப்பத்தாவுக்குத் தெரியும். வெந்த பிறகு கடையாமல் நிறையத் தண்ணீர் விட்டு, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கிவிடும். கொதித்தால் ரசம் கெட்டது என்று அர்த்தம்.

இதற்கு மேல்தான் விஷயமே. இறக்கிவைத்த சட்டியில் பருப்பு அடியில் தங்கும், தெளிவு மேலே நிற்கும். அப்பத்தாவின் கரண்டிக்கு மூன்று ஆழம் உண்டு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஊற்றும்போது கரண்டி நேரே அடிக்குப் போய் ஒரு கிண்டு கிண்டி மேலே வரும். எனக்கும் தம்பிக்கும் நடுவாந்திரம். அக்காமாருக்கு மேலாக மோந்து ஊற்றும். கடைசியில் அம்மாவும் சித்தியும் உட்காரும்போது அடி ஏற்கெனவே காலி. அவர்கள் தட்டில் விழுந்தது மஞ்சள் நிறத்தில், மிளகு வாசனையோடு, நல்ல சூடான தண்ணீர். காய்ச்சல்காரனுக்கும் அதே தண்ணீர்தான். ஆனால் காய்ச்சல்காரனுக்கு ‘பத்தியம்’ என்று ஒரு மரியாதை இருந்தது.

இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை பார்டரில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாடு சூப். மருமகள் கெட்டிக்காரி, எதையும் குத்துமதிப்பாகச் செய்ய மாட்டாள். எலெக்ட்ரானிக் தராசில் 75 கிராம் துவரம் பருப்பு. ஆர்.ஓ. தண்ணீர், அதுவும் அளந்து. கேரட், பூண்டு, மஞ்சள், மிளகு. குக்கரில் நாலு விசில். அப்புறம் கை மிக்சியை உள்ளே விட்டு ஒரு ஓட்டு ஓட்டினால் மெழுகு மாதிரி ஆகிவிடும். மேலே அரை ஸ்பூன் ஆலிவ் எண்ணெய்.

“மாமா, ஆறுறதுக்குள்ள குடிங்க. ப்ரோட்டீன் நிறைய இருக்கு.”

கணக்குப்பிள்ளை மகனிடம் ‘நிறைய’ என்று சொல்லக்கூடாது. வீட்டில் ஐந்து பேர். தலைக்கு 15 கிராம் பருப்பு. துவரம் பருப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் என்றால் ஒரு கிண்ணத்தில் மூன்று கிராம் சொச்சம். அப்பத்தாவின் ஆழாக்கு என்பது 168 மில்லி. அதில் பருப்பு 135 கிராம் போல் பிடிக்கும். ஒன்பதால் வகுத்தேன். அதே 15 கிராம். நடுவில் ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறது, என் சம்பளம், மகன் சம்பளம் எல்லாம் வந்திருக்கிறது. தலைக்குப் பருப்பு மட்டும் ஒரு கிராம் ஏறவில்லை. அன்றைக்கு அதன் கூட ஒரு மலை சோறு இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை.

விலையைக் காரணம் சொல்ல முடியாது. 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோதுகூட மகன் வீட்டில் பருப்பு டப்பா நிறைந்தே இருந்தது. (அதற்கு அடுத்த வருஷத்தை ஐ.நா. சபை சர்வதேசப் பருப்பு வகைகள் ஆண்டாகக் கொண்டாடியது. ரேஷன் கடையில் 30 ரூபாய்ப் பருப்புக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா, தெரியாது.) காசில்லாமல் தண்ணீர் சேர்த்த குடும்பம் இப்போது காசிருந்தும் தண்ணீர் சேர்க்கிறது. போன மாதம் ஒரு ஹோட்டலில் மெனு கார்டைப் பார்த்தேன். இதே சாமான், வெள்ளைக் குழிக்கிண்ணத்தில், 220 ரூபாய். மண்டியில் அப்பாவுக்கு மாதச் சம்பளமே அவ்வளவு வந்ததில்லை.

சூப்பைக் குறை சொல்ல எனக்கு ஆசைதான், நாக்கு ஒத்துழைக்கவில்லை. நன்றாகவே இருக்கிறது. சீரகத்தை நெய்யில் தாளித்தால் இன்னும் நன்றாக இருக்கும்; சொன்னால் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டுவாள். ஒரு நாள் பேச்சுவாக்கில், “என்ன இருந்தாலும் அப்பத்தா வைக்கிற பருப்பு ரசம் மாதிரி வருமா” என்றேன்.

என் மனைவி அதுவரை பேசாமல் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாலு வருஷம் அப்பத்தா கையால் சாப்பிட்டவள்.

“உங்களுக்கு ரசம். எனக்கு உங்க வீட்ல தெனமும் இந்த சூப்பைத்தான் ஊத்துனாக. அன்னைக்கு ஒருத்தரும் ப்ரோட்டீன்னு சொல்லலையே?”

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்டிக் கதையை மனைவியே சொன்னாள். நான் சொல்வதைவிட நீளமாக, யார் யாருக்கு எவ்வளவு ஆழம் என்று கையில் காட்டிச் சொன்னாள். சித்தப்பாவுக்கு முழங்கை வரை போனது. மருமகள் சிரித்துவிட்டு, “அத்தை, இதுல அடியும் இல்ல, மேலும் இல்ல. எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றாள். கை மிக்சி கொண்டுவந்த சமதர்மத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து குக்கர் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுக்களைக்குப் போய்விடுகிறாள். மிக்சியை உள்ளே விடுவதற்கு முன்னால் அடியைக் கிண்டி ஒரு கரண்டி கெட்டிப் பருப்பைத் தன் கிண்ணத்தில் எடுத்து, உப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறாள். என் சூப் இப்போதெல்லாம் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கிறது.