ஒன்பது நிமிஷ மாமா

மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வருமான வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை நடைக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா. அறிமுகமான ஐந்தாவது நிமிஷம், "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கையே கிடையாது. எதுக்கு வம்புன்னு பார்க்கறேன், அவ்வளவுதான்" என்பார். சொல்லும்போதே கண் தினசரி காலண்டரில் குளிகைக்கும் யமகண்டத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்.

பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவர்கள் ராகு காலத்தில் வீட்டோடு இருப்பார்கள். மாமா வெளியே போவார். வரிச் சட்டத்தில் விலக்குப் பிரிவு தேடிய கை, சாஸ்திரத்திலும் அதையேதான் தேடுகிறது.

வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12 வரை. சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்டு பகலை எட்டாகப் பிரித்தால் வரும் ஒன்றரை மணி. மாமா கொக்கி போடுவது இங்கேதான். "எந்த ஊர் ஆறு மணி?" மெட்ராஸுக்கென்று ஒரு நேரம் இருந்தது, 1802-இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கணித்தது. 1906-இல் வந்த இந்திய நேரமோ அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னைக்குச் சூரியன் அதைவிட ஒன்பது நிமிஷம் போல தாமதமாகத்தான் வருகிறான். ஆகவே மாமாவுக்கு வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்குவது 10.39-க்கு. அப்படியானால் முடிவது 12.09-க்கா என்று கேட்டுவிடக் கூடாது. "கவர்மென்ட்டு பன்னிரண்டுன்னா பன்னிரண்டுதான். அதை மீறலாமோ?"

சனிப்பெயர்ச்சியில் இன்னும் பெரிய லாபம். சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாற்றில் கூட்டம் நெரிந்தது அன்றைக்குத்தான். மாமாவுக்குத் தனுசு ராசி, அந்தப் பெயர்ச்சியோடு ஏழரை முடிகிறது, அவர் திருக்கணிதம். மாமிக்கு மீனம், அதே பெயர்ச்சியில் ஏழரை ஆரம்பம், அவள் வாக்கியம். நடுவில் பதினோரு மாதம் அந்த வீட்டில் சனிக்குக் குடியிருப்பே இல்லை.

தி. நகர் போவதென்றால் மேற்கே போக வேண்டும். வெள்ளி, ஞாயிறு மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. கடுகளவு வெல்லத்தை நாக்கில் காட்டிவிட்டு எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்வார், அடுத்த ஞாயிற்றுக்கு ஆகும் என்று. லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட பிறகு அந்தச் சிரமமும் குறைந்தது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ முதலில் வேறு எங்கேயாவதுதான் போகிறது. "கிளம்பற திசைதான் கணக்கு" என்கிறார். ஆடியில் சுப காரியம் கூடாதென்ற விதிக்குத் தி. நகர் கடைக்காரர்களே தள்ளுபடி என்று ஒரு பரிகாரம் கண்டுவிட்டார்கள். மாமா அவர்களையும் மிஞ்சினார். முகூர்த்தப் புடவையை ஆடி விலைக்கே கொடுத்து ஆவணித் தேதியில் பில் போட முடியுமா என்று உஸ்மான் சாலையில் அரை மணி நேரம் வாதாடியிருக்கிறார்.

இவ்வளவும் சிரிக்கலாம். ஒன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. அவருடைய அக்கா, கணவர் காலமான பிறகு இந்த வீட்டோடு இருக்கிறாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் தானாகவே சமையலறைக்குள் போய்விடுவாள். யாரும் போகச் சொல்வதில்லை. சொல்லாமலே போகிற அளவுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஒன்பது நிமிஷத்தைக் கண்டுபிடித்த மூளைக்கு அக்காவுக்கென்று ஒரு விலக்குப் பிரிவு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை.

அடையாற்றிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல், வெள்ளிக்கிழமை, கிளம்ப வேண்டிய நேரம் 10.50. ஒன்பது நிமிஷமும் கைகொடுக்கவில்லை. மாமா பரஸ்தானம் வைத்தார். பயணப் பொருள் ஒன்றை நல்ல நேரத்திலேயே வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. காலை 9.30-க்கு எதிர் ஃபிளாட் மணி அடித்தது. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் பையன் கண்ணைத் திறக்காமலே ஃபைலை வாங்கி வைத்தான்.

10.50-க்குப் பேத்தி செருப்பை மாட்டினாள். திடீரென்று கழற்றிவிட்டு உள்ளே போய், அத்தைப் பாட்டியின் கையைப் பிடித்து வாசலுக்கே இழுத்து வந்தாள். "நீங்க எதிர்க்க நில்லுங்கோ பாட்டி. நான் போயிட்டு வரேன்." மாமா வேறு வழி தெரியாமல் உத்தரத்தைப் பார்த்தார். அங்கிருந்த பல்லி உச்சுக் கொட்டியது.

"கௌளி சொல்லிடுத்து!" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "தோஷமில்லை. கிளம்பு, கிளம்பு."

கீழே வாட்ச்மேன், "எங்கம்மா பாப்பா, இந்த நேரத்துல?" என்று கேட்டுத் தொலைத்தார். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து மறுபடி கிளம்பியதில் ஆட்டோ மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய்.

விசா கிடைத்துவிட்டது. பரஸ்தானத்தால் என்றார் மாமா. பழவந்தாங்கல் விசா பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டதால் என்றாள் மாமி. பேத்தி எடுத்திருந்த மதிப்பெண்ணை யாரும் சொல்லவில்லை. பல்லியைப் பற்றிக்கூடப் பேச்சு வந்தது. அக்காவைப் பற்றி வரவில்லை.

அடுத்த வாரம் எதிர் ஃபிளாட் பையன் கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றான். அவனுக்கும் விசா விண்ணப்பமாம். "நம்பிக்கையெல்லாம் இல்ல அங்கிள். சும்மா, உங்க வீட்ல ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சுக்கிறீங்களா?"

மாமா அவனை வாசலிலேயே நிறுத்தினார். "ராசி என்ன? இரு, இன்னிக்குச் சந்திராஷ்டமமான்னு பார்த்துட்டு வரேன்."