விக்கவே விக்காதே, மாப்ளே!

விக்காதே மாப்ளே, விக்கவே விக்காதே. எங்க அத்தான் ஆசையா வாங்கின அம்பாசடர். உனக்குக் காது குத்த வைத்தீஸ்வரன்கோயிலுக்குத் தூக்கிக்கிட்டுப் போன வண்டி. அதைப் போயி எவனோ ஒரு கும்பகோணத்துப் புரோக்கர் கையில குடுக்கலாமா? மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. வண்டியை விக்காம கடனைச் சமாளிக்க மாமன் வழி சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல வாய்க்கா ஓரத்து ஒரு மா நிலத்தை வித்துப்புடு. நிலந்தானே, அதுல ஹாரனா இருக்கு? பாலிஷ் போட்டுத் தொடைக்கத்தான் முடியுமா? பங்காளி அதுக்குன்னே நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான், காப்பி வாங்கிக் குடுத்துக் கையெழுத்து வாங்கிக்குவான். அந்தக் காசும் தீந்துச்சுன்னா உன் பொண்டாட்டி கழுத்துல கெடக்குறதை பேங்குல வை. அதுவும் பத்தலைன்னா வூட்டை வித்துட்டு எல்லாரும் காருக்குள்ளயே குடித்தனம் பண்ணுங்க. அம்பாசடர்ல எடத்துக்கா பஞ்சம்? கல்யாணத்துக்கு ஒம்போது பேரை அடைச்சுக்கிட்டு மன்னார்குடி போனோமே! டிக்கி அடுப்படி, பின் சீட்டு கூடம், முன் சீட்டு உனக்குத் திண்ணை.

என்னடா மொறைக்கிற? நீ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்றேன். "நெலத்தை வித்தாலும் விப்பேன், வண்டியை விக்க மாட்டேன்"னு டீக்கடையில சூளுரைச்சது நீதானே? அன்னைக்கு ராத்திரி பங்காளி வூட்டுல பாயசம் வச்சாங்களாம்.

கடன் எப்படி வந்துச்சுன்னு மாமனுக்குத் தெரியாதா? ஜூன் 12-ல தொறக்க வேண்டிய மேட்டூரை 2024-ல ஜூலை 28-லதான் தொறந்தாங்க. ஆத்துத் தண்ணியை நம்பின குறுவை போச்சு. சம்பாவுக்குக் காசு வேணும். கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள்ள கட்டினா வட்டியே கெடையாது. ஆனா அதுக்குச் சிட்டா, அடங்கல் எடுக்க வி.ஏ.ஓ. ஆபீஸ் வரைக்கும் நடக்கணும். கார் வச்சிருக்குறவரு நடக்கலாமா? நீ போயி ரெண்டு வட்டிக்கு லட்ச ரூவா வாங்கிட்ட.

கணக்குப் போடு. நூத்துக்கு மாசம் ரெண்டு ரூவான்னா லட்சத்துக்கு வருஷம் 24,000. 2025 செப்டம்பர்லேருந்து அரசு கொள்முதல்ல சாதாரண ரக நெல்லு குவிண்டால் 2,500 ரூவா. 40 கிலோ சிப்பம் ஆயிரம். ஆக, வட்டிக்கு மட்டும் 24 சிப்பம். ஒரு மாவுல ஒரு போகம் வெளயிறது வட்டிக்கே சரியாப் போச்சு. அசல் அப்படியே கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கும்.

சரி, உன் ராசாத்தி எப்படி இருக்கான்னு கொட்டகைக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் வரேன். டிரைவர் சீட்டு முதுகுல அத்தான் போட்ட வெள்ளைத் துண்டு இன்னும் கெடக்கு, செம்மண் நெறத்துல. பின் டயர் ரெண்டும் தரையோட தரையா படுத்திருக்கு. பானெட்டைத் தூக்கினேன். ஒயரையெல்லாம் கடிச்சுப் போட்டுட்டு, ஏர் ஃபில்டர் பக்கத்துல வைக்கோலைப் பரப்பி ஒரு எலி பிரசவம் பாத்திருக்கு. வயல்ல எலிக்குக் கிட்டி வச்சுப் பிடிக்கிற ஊரு இது. நீ அதுக்குக் காரு குடுத்து, இன்சூரன்ஸும் கட்டி வச்சிருக்க.

நிக்கிற வண்டியும் தின்னும்டா. இருபது வயசு தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூவா ஆக்கிட்டாங்க. பத்து சிப்பம்! அதுக்கு முன்னாடி வெல்டிங், பெயிண்ட், பேட்டரின்னு தனிச் செலவு. பெட்ரோல்லயும் இப்ப நூத்துக்கு இருபது பங்கு எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், அரிசியிலேருந்து எடுக்குறது. பழைய வண்டியோட ரப்பர் டியூபுக்கு அது ஒத்துக்காதுங்குறாரு மெக்கானிக்கு. வெளச்சலைக் கொண்டாந்து பெட்ரோல் டேங்குல ஊத்துற வேலையைக் கவர்மெண்டே பாத்துக்குது. நீ வேற எதுக்குத் தனியா மெனக்கெடணும்?

பாசம்னு சொல்றியே, அந்த வண்டியைச் செஞ்சவனுக்கு இல்லாத பாசமா? கல்கத்தா பக்கத்துல உத்தர்பாரா. பிர்லா வூட்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ். இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்போர்டைக் கொண்டாந்து, 1957-ல ஆரம்பிச்சு 2014 மே மாசம் வரைக்கும் அம்பாசடர் செஞ்சாங்க. மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் அதுலதான், மாப்பிள்ளை அழைப்பும் அதுலதான். கடைசியில வாங்க ஆளில்லை, கடன் ஏறிப்போச்சு, ஆலையை நிறுத்திட்டாங்க. 2017-ல அம்பாசடர்ங்குற பேரையே பிரான்ஸு பூஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு எழுதிக் குடுத்தாங்க. தொழிலாளி பாக்கியையும் கடன்காரன் பாக்கியையும் தீக்கத்தான் அந்தப் பணம்னாங்க. பெத்தவனே பேரை வித்துக் கடன் கட்டுறான். நீ வண்டியை வளத்தவன்கூட இல்ல, எலியை வளத்தவன்.

லால் பகதூர் சாஸ்திரி கடன் வாங்கித்தானே காரு வாங்கினாருன்னு கேப்ப. கேளு. பிரதமரா இருந்தப்பவே கையில காசு பத்தாம, 12,000 ரூவா ஃபியட்டுக்கு 5,000 பேங்குல கடன் வாங்கினாரு. அவரு 1966-ல போனப்புறம் அந்தக் கடனை லலிதா அம்மா தன் பென்ஷன்லேருந்து கட்டினாங்க. அந்தக் காரு டில்லியில அவரு நினைவகத்துல நிக்கிது. உன் வண்டிக்கு எந்த நினைவகம் எடம் ஒதுக்கி வச்சிருக்கு? கடன் கட்டுற பாட்டுக்கு மட்டும் உன் பொண்டாட்டி தயாரா இருக்கணுமோ?

அதுக்காக இன்னைக்கே விக்க ஓடாத. கொள்முதல் நிலையத்துல 17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா நெல்லைக் காயவச்சுக் கொண்டாங்கறான்ல? உன் கண்ணுல இப்ப அதுக்கு மேல ஈரம். இந்த ஈரத்தோட போனா புரோக்கர் பாதி விலைக்கு அளந்துக்குவான். நல்லாக் காஞ்சப்புறம் போ. "எங்க அப்பா வண்டி"ன்னு வாயைத் தொறக்காத. எலியை எறக்கி வுட்டுட்டு, ஒயரைச் சரிபண்ணி, கழுவி நிறுத்து.

"ஜி.எஸ்.டி. கொறைஞ்சு புதுக் காரே மலிஞ்சு கெடக்கு சார்"னு இழுப்பான். 2025 செப்டம்பர் 22-லேருந்து சின்னக் காருக்கு 18 சதவீதமாக் கொறைச்சது நெசந்தான். "புது அம்பாசடர் எந்த ஷோரூம்ல இருக்கு, சொல்லுங்க, நானே ஒண்ணு வாங்கிக்கிறேன்"னு கேளு. சினிமாவுக்கு வாடகைக்கு வுடுறவங்களும், பழைய வண்டி சேக்குறவங்களும் இருக்காங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் வெலை கேட்டுட்டுத் தலையாட்டாத.

இன்னொண்ணு. காசை வாங்கினதும் சாவியைக் குடுத்துட்டு வந்து படுத்துறாத. 29, 30-ம் நம்பர் படிவத்துல கையெழுத்துப் போட்டு, 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுல சொல்லிப்புடு. வடக்க ஒருத்தரு காரை வித்துட்டாரு, அது கை மாறிக் கை மாறிப் போச்சு, ஆர்.சி.யில மட்டும் பேரு மாறலை. 2009-ல அந்த வண்டி மோதி ஒரு உசுரு போச்சு, இன்சூரன்ஸும் இல்ல. ஆர்.சி.யில பேரு இருந்தவருதான் நஷ்டஈடு குடுக்கணும்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. காரு போயி, வித்த காசும் போயி, அதுக்கு மேல கட்டுறதுன்னா யாரால முடியும்?

பணம் வந்த அன்னைக்கே வட்டிக்காரர் கணக்கைத் தீத்து, எழுதிக் குடுத்த பத்திரத்தைத் திருப்பி வாங்கு. மிச்சத்தை விதை நெல்லுக்கு வை. ஊருக்குப் போவணும்னா டவுன் பஸ் இருக்கு. பொம்பளைங்குறதால உன் பொண்டாட்டிக்கு டிக்கெட்டே கெடையாது, உனக்கு மட்டும் எடுத்தாப் போதும்.

தேயிற பொருளைக் காப்பாத்த வெளயிற பொருளை விக்கக் கூடாது. காரை வித்துரு மாப்ளே. அந்த ஒரு மா மேல மட்டும் கையை வைக்காத.