வரி வாங்காத மதிலும் மறுக்கும் ட்ரிக்கரும்

கேள்வி: சரக்கிருப்பு அட்டவணையில் ஒரு பதிவைத் திருத்தியதும் 'திருத்திய நேரம்' என்ற நெடுவரிசை தானாக மாற வேண்டுமென ட்ரிக்கர் எழுதினால், மைஎஸ்க்யூஎல் 1442 எனப் பிழை காட்டுகிறதே, ஏன்?
– வாசகர், யானைக்கவுனி

பதில்: ஐதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சி 18ஆம் நூற்றாண்டில் எழுந்த மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி, அம்மதிலுக்கென எண்ணிய வரி வசூலாகாமல் வால்டாக்ஸ் சாலையின் பெயராக மட்டும் மிஞ்சியது என்பர். அவ்வாறு விதி ஏட்டிலேயே உறங்காதபடி, பதிவு சேரும்போதோ திருத்தப்படும்போதோ நீக்கப்படும்போதோ தரவுத்தளம் தானே இயக்கும் சிறு நிரலே ட்ரிக்கர் எனப்படுகிறது. வாசகர் எழுதியது, பதிவு எழுதப்பட்ட பின் இயங்கும் 'ஆஃப்டர்' வகையாகவும், அதனுள் அதே அட்டவணைக்கு மீண்டும் ஓர் 'அப்டேட்' கட்டளை இடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அக்கட்டளை அதே ட்ரிக்கரை மறுபடி எழுப்பி முடிவின்றிச் சுழலக்கூடும் என்பதால், மைஎஸ்க்யூஎல் அதை முளையிலேயே கிள்ளுகிறது; ஆரக்கிளும் ஒத்த நிலையில், மாறிக்கொண்டிருக்கும் அட்டவணை எனக் கூறி மறுக்கும். பதிவு எழுதப்படுமுன் இயங்கும் 'பிஃபோர்' வகையில், வரவிருக்கும் மதிப்பைக் குறிக்கும் 'நியூ' என்பதன் வழியாக 'செட்' செய்தால் தகராறு தீரும். அயல் சாவியின் தொடர்விளைவாக நிகழும் மாற்றங்கள் மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலமாக ட்ரிக்கரை எழுப்பியதில்லை என்பதையும், 'ட்ரங்கேட்' கட்டளை நீக்கல் ட்ரிக்கரைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதையும் அறியாமல் ஏமாறுவோர் பலர். வாசகர் கேட்ட நேரப் பதிவுக்கோ ட்ரிக்கரே தேவையில்லை: நெடுவரிசையின் வரையறையில் 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' என்று சேர்த்தாலே போதும்.