சிலபஸ் மாற்றத்துக்கு உட்பட்டது

1838-ல் சார்லஸ் டார்வினுக்கு வயது 29. அந்த ஆண்டு அவருக்கு இரண்டு பெரிய கவலைகள். ஒன்று, கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்பது. காகிதத்தில் லாப நஷ்டக் கணக்கே எழுதினார். மனைவி என்பவள் எப்படியும் நாயைவிடத் தேவலை என்பது லாபப் பக்கத்தில் இருந்தது. இன்னொன்று, குரங்கு தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது. அதற்காக ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போனார். கல்யாணம் அடுத்த ஜனவரியிலேயே முடிந்தது. கண்ணாடி விவகாரம் இன்னும் இழுபறி.

ஜென்னி, டாமி என்ற இரண்டு ஒராங்குட்டான்களும் முதலில் திகைத்தன. உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கப் போயின, விதவிதமாக முகத்தைக் கோணின, கண்ணாடிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவின. கடைசியில் கோபம் வந்து, இனி பார்க்கவே மாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஐம்பது தாண்டிய எவரும் தினமும் காலையில் செய்வதுதான்.

டார்வின் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். பாஸா பெயிலா என்று மட்டும் சொல்லவில்லை. அதற்கு 1970-ல் உளவியலாளர் கார்டன் கேலப் வந்தார். முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அவருக்கு உதித்த யோசனை இது. சிம்பன்சிகளைப் பத்து நாள் கண்ணாடியோடு பழகவிட்டு, பிறகு மயக்க மருந்து கொடுத்து, புருவ மேட்டிலும் காதிலும் வாசனையில்லாத சிவப்புச் சாயம் தடவினார். கண்விழித்த சிம்பன்சி கண்ணாடியைப் பார்த்தது, தன் புருவத்தைத் தொட்டது, விரலை முகர்ந்தும் பார்த்தது. தன்னுணர்வு உண்டு, பாஸ்! வால் வைத்த குரங்குகள் பெயில். மனிதக் குழந்தைகளுக்கும் இதே மாதிரி மூக்கில் சாயம் பூசிப் பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே பெரும்பாலும் பெயில். அவர்களை யாரும் கூண்டில் அடைக்கவில்லை, தொட்டிலில்தான் போட்டார்கள்.

1981-ல் இன்னொரு உளவியலாளரான பி.எஃப். ஸ்கின்னரின் கோஷ்டி ஒரு குறும்பு செய்தது. புறாவுக்கு டியூஷன்: நீலப் பொட்டைக் கொத்தினால் தீனி. பிறகு அதன் நெஞ்சிலேயே பொட்டு வைத்து, நேராகப் பார்க்க முடியாதபடி கழுத்தில் துணி கட்டிக் கண்ணாடி முன் விட்டார்கள். புறா கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சைக் கொத்தப் போனது. டியூஷன் வைத்துப் பாஸானது செல்லாது என்றது எதிர்முகாம். அந்த விதியை மனிதர்களுக்கும் வைத்தால் எத்தனை பட்டங்கள் தேறும்?

டால்ஃபின் 2001-ல் பாஸ். காக்கைக் குடும்பத்து மேக்பை 2008-ல் பாஸ். நாய்தான் பரிதாபம். வாசனை இல்லாத ஒருவனை அது ஆளாகவே மதிப்பதில்லை. தன் மூத்திரத்தில் கலப்படம் செய்தால் உடனே கண்டுகொள்கிறது என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் தேர்வில் கேள்வித்தாள் தயாரித்தவர்களே பெயில்.

எல்லோரையும் விழிபிதுங்க வைத்தது 2019-ல் வந்த மீன். பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும், விரல் நீள ஜீவன். ஜப்பானில் மசனோரி கோடா குழுவினர் அதன் தொண்டையில் பழுப்புப் புள்ளி வைத்தார்கள். மீன் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தொண்டையை மணலில் தேய்த்தது. கேலப் ஒப்புக்கொள்ளவில்லை. சிம்பன்சி தேறினால் தன்னுணர்வு, மீன் தேறினால் கேள்வித்தாளில் கோளாறு!

இதற்கிடையே நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் மூன்று ஆசிய யானைகளுக்கு ஆளுயரம் போதாதென்று ஆனையுயரக் கண்ணாடி வைத்தார்கள். தேறியது ஒன்றுதான்: பெயர் ஹேப்பி. தலையில் போட்டிருந்த வெள்ளைப் பெருக்கல் குறியைத் துதிக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. 2006-ல் கட்டுரை வந்தது. பிறகு வக்கீல்கள் இந்தச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு, ஹேப்பியை விடுவிக்கச் சொல்லி ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2022-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர், இந்த மனு மனிதர்களுக்கானது, யானைக்கு அல்ல என்று சொல்லிவிட்டார்கள். தான் யானைதான் என்பதை ஹேப்பி எப்போதோ கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டுவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் அதற்கும் நீதிமன்றத்துக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.